ரிப்பன் கட்டாத கதவு

தொலைபேசியில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் பொதுமக்களின் புகாரைக் கேட்ட ஊழியர், அதன்பின் இருபது நிமிடம் ஓய்வறையில் இருக்க வேண்டும். அந்த இருபது நிமிடமும் அவருடைய இருக்கையில் மாற்று ஊழியர் அமர வேண்டும். மாற்று ஊழியர் இல்லாத இடத்தில் மேற்பார்வையாளர் அமர வேண்டும். எங்கள் அலுவலக நடைமுறைக் கையேட்டில், பணிச்சூழல் பற்றிய அத்தியாயத்தில் இப்படித்தான் இருக்கிறது. அதே அத்தியாயத்தில் குடிநீர்ப் பானையை எந்தச் சுவரோரம் வைப்பது என்பதற்கும் ஒரு விதி உண்டு. பானை விதியை நாங்கள் ஒரு நாளும் மீறியதில்லை.

அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. தாம்பரத்தில், ரயில் பாதைக்கு மேற்கே, புறநகர் மக்களின் குறைகளைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளும் மையம் என்று சொன்னால் போதும். குறைகளைத் தீர்ப்பது வேறொரு பிரிவு. எங்கள் வேலை கேட்பது மட்டும்.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் மாடி வீட்டுத் திவ்யா. தனியார் நிறுவனம் ஒன்றில் நாள் முழுக்க போன் பேசுகிற வேலை. ஊரப்பாக்கத்தில் அந்த அலுவலகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட வந்தவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆன்ட்டி, எங்க ஆபீஸ்ல ஸ்ட்ரெஸ்ஸைக் குறைக்க ஒரு ஆப் குடுத்திருக்காங்க. டெய்லி மத்தியானம் ‘உங்க மனநிலை எப்படி’ன்னு கேக்கும். அஞ்சு மூஞ்சி வரும். ஒண்ணைத் தொடணும்.”

“தொட வேண்டியதுதானே?”

“அழுற மூஞ்சியைத் தொட்டா மேனேஜருக்குப் போயிடுது. அவரு கூப்பிட்டு ஏன் அழுறேன்னு மெயில் போடச் சொல்றாரு. அதனால எல்லாரும் சிரிக்கிற மூஞ்சிதான். நேத்து ஜெனிபர் பாத்ரூம்ல உக்காந்து அழுதுக்கிட்டே சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டா. உங்க காலத்துல இதுக்கெல்லாம் என்ன பண்ணீங்க?”

“தூங்கினோம்” என்றேன். அவள் நம்பவில்லை. அரசு அலுவலகத்தில் தூங்குவார்கள் என்பதை எல்லோரும் நம்புவார்கள். அதற்காக நாங்கள் பட்ட பாட்டை யாரும் நம்புவதில்லை. ஆகவே விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு அளிக்கப்பட்ட பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காது கேட்கிறதா என்று பார்த்தார்கள். “வணக்கம், குறைகேட்பு மையம்” என்று சொல்ல வைத்தார்கள். மறுமுனையில் எவ்வளவு திட்டினாலும் கடைசியில் “நன்றி” சொல்ல வேண்டும் என்றார்கள். நான் பல வருடம் நன்றி சொல்லி, மேற்பார்வையாளர் ஆனேன். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, கை வைத்த நாற்காலியில் உட்காரும் பதவி அது. ஊழியர்கள் என்னை மேடம் என்று கூப்பிடுவார்கள். லீவு வேண்டுமென்றால் அக்கா.

எனக்கு மேலே உதவி இயக்குநர். எல்லோருக்கும் அவர் ஏடி சார். அவரைப் போல அமைதியான மனிதரை நான் பார்த்ததில்லை. முடியாது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. “செஞ்சிடலாம் மேடம்” என்பார். செய்ய மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். திட்டு என்னவென்று தெரிந்துகொள்ள நாங்கள் மேஜைமேல் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். திட்டு வாங்குவதற்கும் உழைப்பு தேவைப்பட்டது. சனிக்கிழமை தவறாமல் திருநீர்மலை ஏறி இறங்குவார். காலையில் எங்கள் எல்லோருடைய போனுக்கும் ஒரு தாமரைப் பூ வரும், அடியில் மன அமைதி குறித்து இரண்டு வரி. அவருடைய கொள்கை எளிமையானது. “மனசுதான் மேடம் எல்லாம். வேலையில என்ன பாரம் இருக்கு? உக்காந்துதானே பேசறோம்.”

அவர் காலத்தில்தான் எங்களுக்கு ஓய்வறை வந்தது. தலைமை அலுவலகத்தில் யாரோ கையேட்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். நல்ல அறை. ஒரு கட்டில், மெத்தை, மின்விசிறி, பச்சைத் திரை, முகம் பார்க்கக் கண்ணாடி. வேலை முடிந்ததும் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். சிறப்பு விருந்தினர் வந்து வெட்டுவார் என்றார் ஏடி சார்.

விருந்தினருக்குத் தேதி கேட்டபோது ஆடி மாதம். ஆடி போனதும் தேர்தல் அறிவிப்பு. நடத்தை விதி அமலில் இருக்கும்போது ரிப்பன் வெட்டக்கூடாது. தேர்தல் முடிந்ததும் விருந்தினரை மாற்றிவிட்டார்கள். கல்வெட்டில் அவர் பெயரைப் பொறித்தாகிவிட்டது. புதியவர் பெயரோடு வேறு கல் வர வேண்டும். கல் வந்தபோது மார்கழி. இப்படியே போனது. துப்புரவுப் பணியாளர் குப்பம்மா தினமும் காலையில் அந்த ரிப்பனைத் துணியால் துடைப்பார். சிவப்பு மெதுவாக ரோஜா நிறத்துக்கு வந்தது. கண்ணாடிச் சன்னல் வழியாகக் கட்டில் தெரியும். ஊழியர்கள் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொள்வார்கள், நகைக்கடையைப் பார்ப்பது போல.

“விழா பிறகு நடக்கட்டும் சார், அதுவரை பயன்படுத்திக்கலாமே” என்று கேட்டேன்.

“திறக்காத ரூமை எப்படி மேடம் திறக்கிறது?” என்றார். பிறகு, “மேலிடத்துக்கு ஒரு லெட்டர் வைங்க. செஞ்சிடலாம்.”

திறப்பு விழா நடைபெறும் வரை, இடைக்கால ஏற்பாடாக அறையைப் பயன்படுத்த அனுமதி கோரிக் கடிதம் வைத்தேன். தக்க ஆணைக்காகப் பணிந்து அனுப்பப்பட்டது. பிறகு நினைவூட்டு. பிறகு நினைவூட்டை நினைவூட்டி ஒன்று.

பதில் வராத அந்தக் காலத்தில் மேலிடம் எங்களை மறந்துவிடவில்லை. மன அழுத்த மேலாண்மை குறித்து ஒரு பயிலரங்கம் நடத்தினார்கள். கழுத்துப்பட்டி கட்டிய பயிற்சியாளர் ஒருவர் வந்து, மூச்சை நாலு எண்ணி இழுக்கச் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது கூடத்தில் போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. பின்வரிசையில் இருந்தவர்கள் மூச்சை இழுத்த நிலையிலேயே ஓடிப்போய் எடுத்தார்கள். பிறகு ஆளுக்கொரு மஞ்சள் பந்து. சிரிக்கும் முகம் வரைந்த, அமுக்கினால் அமுங்குகிற பந்து. “கோபம் வந்தால் இதை அழுத்துங்கள், மனம் லேசாகும்” என்றார். நிகழ்ச்சி முடிந்ததும் பண்டகப் பிரிவு ஊழியர் வாசலில் நின்று பந்துகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவை அரசுச் சொத்து.

ஒரு பந்து மட்டும் திரும்பி வரவில்லை. அமுதா அழுத்திய அழுத்தில் அது கிழிந்துவிட்டது. அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்தது ஏன் என்று விளக்கம் கேட்டு அவளுக்கு மெமோ வந்தது.

அமுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடிச்சூர் பக்கம் வீடு. எங்கள் துறையில் ஓட்டுநராக இருந்த கணவர் திடீரென இறந்துபோனதால், கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. பள்ளிக்குப் போகும் ஒரே மகள். வேறு வருமானம் கிடையாது. குரல் மட்டும் அவ்வளவு இதமாக இருக்கும். கத்திக்கொண்டு ஆரம்பிப்பவர்கள்கூட அவளிடம் தணிந்துவிடுவார்கள். அதனாலேயே கத்துகிற அழைப்புகளை எல்லோரும் அவள் பக்கம் தள்ளினார்கள். நானும்தான்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் ஏரிகள் நிரம்பி, தெருக்களில் தண்ணீர் ஏறியது. அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவர்கள் வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை. இருந்தவர்கள் காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. பிற்பகலில் அமுதாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. நான் மேற்பார்வைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மேடம், எங்கம்மா படுத்த படுக்கை. தண்ணி கட்டில் காலுக்கு வந்துடுச்சு.”

“உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது சார். புகார் எண்ணைக் குறிச்சுக்கோங்க.”

“குறிச்சு? அந்த நம்பரை எங்க வைக்கிறது மேடம், பரண்லயா?”

“நன்றி சார்” என்றாள் அமுதா. லைன் போய்விட்டது. அடுத்ததை எடுத்தாள். அந்த அம்மாவைப் படகில் மீட்டுவிட்டார்கள் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. அவளுக்கு அப்போது தெரியாது. புகார்தாரரைத் திரும்ப அழைக்க விதியில் இடமில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு சிறுமியின் குரல்.

“அம்மா?”

“வணக்கம், குறைகேட்பு மையம். உங்க பேரு, விலாசம் சொல்லுங்க.”

சிறுமி தயங்கினாள். பிறகு பெயரைச் சொன்னாள். கதவு எண், தெருப்பெயர் சொன்னாள். வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாடிக்குக் கூப்பிடுகிறார், போகலாமா என்று கேட்டாள். அமுதா ஒழுங்காகத் தட்டச்சு செய்தாள். புகார் எண்ணை இரண்டு முறை சொன்னாள். நன்றி என்றாள்.

திரையில் இருந்த விலாசத்தைப் பார்த்துவிட்டு அவள் தோளைத் தொட்டேன். “அமுதா, இது உங்க வீடு.”

“தெரியும்கா” என்றாள், என்னைப் பார்க்காமல். “பதிவு பண்ணிட்டேன்.”

நானே அந்த நம்பருக்கு அழைத்து, குழந்தையை மாடிக்குப் போகச் சொன்னேன். விதியில் இடமில்லைதான்.

தண்ணீர் வடிந்தது. அமுதாவின் காதில் ஒரு விசில் சத்தம் மட்டும் தங்கிவிட்டது. வீட்டிலும் மகள் கூப்பிட்டால் முதலில் வணக்கம் என்கிறாளாம். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறாள் என்று, அழைத்தவர் ஒருவர் அவள்மீதே புகார் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்துவிட்டு, காதில் கோளாறு இல்லை, ஓய்வு கொடுங்கள் என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்தச் சீட்டுடன் ஏடி சாரிடம் போனேன்.

“மனசைக் கட்டுப்படுத்தச் சொல்லுங்க மேடம்” என்றார். குரல் தாழ்ந்தது. நான் குனிந்தேன். “இன்னொரு தடவை கம்ப்ளெயின்ட் வந்தா மெடிக்கல் போர்டுக்கு எழுத வேண்டியிருக்கும். வேலைக்குத் தகுதியில்லன்னு அவங்க எழுதிட்டா, அப்புறம் என் கையில இல்ல.”

“அவளுக்கு இருபது நிமிஷம் படுக்க இடம் வேணும் சார். அவ்வளவுதான். இடம் இதோ இருக்கு.”

“பதில் வரட்டும். செஞ்சிடலாம்.”

வெளியே வந்து ரிப்பன் எதிரே நின்றேன். அமுதாவின் வேலை அந்த ஒரு முழம் துணிக்குப் பின்னால் இருந்தது. அதை அறுக்க எனக்குத் தைரியம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. முப்பது வருடப் பழக்கம் ரிப்பனைவிட உறுதியானது. ஆனால் அந்த அறையின் வரைபடத்தைச் சரிபார்த்தவள் நான்தான். அறைக்கு இரண்டு கதவுகள். மற்றது பின்பக்கம், கழிப்பறை நடைக்குத் திறப்பது, கூட்டிப் பெருக்குவதற்காக வைத்தது. சாவி குப்பம்மாவிடம்.

“இன்னா மேடம், பெரிய சார் கேட்டா நான் இன்னா சொல்றது?”

“திறப்பு விழா எந்தக் கதவுக்கு குப்பம்மா?”

“ரிப்பன் கட்டிகீற கதவுக்கு.”

“இந்தக் கதவுல ரிப்பன் இருக்கா?”

குப்பம்மா கதவை மேலும் கீழும் பார்த்தார். “இல்ல.” சாவியை என் கையில் வைத்தார். “படிச்சவங்கோ சேர்ந்தா பேஜார்தான். எம் பேரை மட்டும் இழுக்காத.”

அன்றிலிருந்து அமுதா இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பின்கதவால் போய், சன்னலின் பச்சைத் திரையை இழுத்து மூடிக்கொண்டாள். அவளுடைய இருக்கையில் நான் உட்கார்ந்தேன். விதி அதைத்தான் சொல்கிறது. எந்த மேற்பார்வையாளரும் செய்யாததற்குக் காரணம், அந்த நாற்காலிக்குக் கை இல்லாததுதான் என்று நினைக்கிறேன். ஹெட்செட்டை மாட்டியதும் முதல் ஆள் என் பரம்பரையை விசாரித்தார். பல வருடம் கழித்து மறுபடியும் நன்றி சொன்னேன்.

முதல் வாரம் அமுதா கட்டில் ஓரத்தில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். யாராவது கூப்பிட்டால் ஓடுவதற்குத் தயாராக. பிறகு சாய்ந்தாள். பிறகு படுத்தாள். படகில் மீட்ட செய்தியை அங்கேதான் சொன்னேன். கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு நாள் தூங்கிவிட்டாள். இன்னொரு நாள் எழுந்து வந்து, “அக்கா, உங்க டப்பால இன்னிக்கு என்ன?” என்று கேட்டாள். அவளாக ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. எலுமிச்சை சாதம் முழுவதையும் கொடுத்துவிட்டேன். மூச்சை எண்ணுவதிலும் பந்தை அழுத்துவதிலும் பலன் இருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை மனிதருக்கு வேண்டியது, நம் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நமக்கு வர வேண்டிய வசவை வாங்கிக்கொள்ளும் கொஞ்ச நேரம்.

இந்த நிலையில்தான் திறப்பு விழா வந்தது.

புதிய விருந்தினர் ஒரு பெண் அதிகாரி. தட்டில் கத்தரிக்கோல், சாமந்திப்பூ, கூடம் முழுக்க ஊதுவத்தி. விழா நேரத்துக்கும் அமுதாவின் ஓய்வு நேரத்துக்கும் இடையே நிறைய அவகாசம் இருப்பதாகக் கணக்குப் போட்டேன். அங்கேதான் தவறு செய்தேன். பெரிய அதிகாரிகள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரமாவது தாமதமாகத்தான் வருவார்கள் என்று என் அனுபவம் முழுவதும் சொன்னது. அந்த அம்மா சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார்.

நான் அமுதாவின் நாற்காலியில், ஹெட்செட்டுடன், திருநீர்மலைச் சாலையில் எரியாத தெருவிளக்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் கார் நின்றது. மாற்றிவிட ஆள் இல்லாமல் இருக்கையை விட்டு எழக்கூடாது என்பது விதி. என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான் விதிமீது எனக்குக் கோபம் வந்தது. குப்பம்மாவைக் கண்ணால் தேடினேன். அவர் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

ரிப்பன் அறுந்தது. ஏடி சார் கதவைத் தள்ளினார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிலில் அமுதா ஒருக்களித்து, முந்தானை கண்ணுக்குமேல், வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

“யார் இது?” என்றார் அதிகாரி.

ஏடி சாரின் குரல் மிக மிகத் தாழ்ந்துவிட்டது. அந்த அம்மா குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பண்டகப் பிரிவு ஊழியர் பிறகு சொன்னதுதான்.

“டெமோ மேடம்.”

“என்ன டெமோ?”

“ஊழியர்கள் இந்த ரூமை எப்படி யூஸ் பண்ணுவாங்கன்னு... ஒரு செயல்விளக்கம்.”

அதிகாரி அமுதாவைச் சற்று நேரம் பார்த்தார். மெல்லிய குறட்டை ஒன்று வந்தது.

“ரொம்ப இயல்பா பண்றாங்க” என்றார். “எழுப்பாதீங்க.”

உதட்டில் விரல் வைத்தபடி பின்வாங்கினார். அத்தனை பேரும் நுனிக்காலில் வெளியே வந்தார்கள். வரவேற்புரை, நன்றியுரை இரண்டும் கிசுகிசுப்பாக நடந்தன. நான் தெருவிளக்குக்காரருக்குப் புகார் எண் கொடுத்தேன்.

அதிகாரி பார்வைக் குறிப்பில் எழுதிவிட்டுப் போனது இது: செயல்விளக்கம் திருப்திகரமாக இருந்தது. நாள்தோறும் தொடரவும்.

எழுத்தில் வந்த ஆணையை மீற முடியாது. விதிப்படி தர முடியாத ஓய்வு, செயல்விளக்கமாகத் தினமும் நடக்க வேண்டியதாயிற்று. ஏடி சார் என்னைக் கூப்பிட்டு முறைப்பட்டியல் போடச் சொன்னார். எல்லா ஊழியர்களும் மாறி மாறிச் செயல்விளக்கம் அளித்தார்கள். மாற்று ஊழியர் ஒருவரும் வந்தார், செயல்விளக்கம் தடைபடாமல் இருப்பதற்காக. மெடிக்கல் போர்டு பற்றிய பேச்சு நின்றது. அதிகாரி பாராட்டிய ஊழியரைத் தகுதியற்றவர் என்று யார் எழுதுவார்கள்?

அன்று மாலை அமுதா என்னிடம் வந்தாள். “அக்கா, நான் தூங்கினது தப்பாயிடுச்சா?”

“தூங்கலையே. நடிச்சே. நல்லா நடிச்சதா எழுதியிருக்காங்க.”

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

ஏடி சாரைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் நியாயமில்லை. அவர் ஓய்வு பெறும் வருடம், சட்டமன்றக் கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், அவரைக் காணவில்லை. ஓய்வறையைத் திறந்தேன். கட்டிலில் அவர், முகத்தின்மேல் கைக்குட்டை.

“டெமோவா சார்?”

“அஞ்சு நிமிஷம் மேடம்” என்றார் கைக்குட்டைக்கு அடியிலிருந்து. “படபடன்னு வருது.” நான் விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஆனது. அவர் பின்கதவால் வெளியே வந்தார்.

பிறகு நானும் ஓய்வு பெற்றேன். கை வைத்த நாற்காலியில் இப்போது அமுதா. யாருடைய இருக்கையிலும் உட்காரத் தயங்காத மேற்பார்வையாளர் என்று பேர் வாங்கியிருக்கிறாள். காதில் விசில் மழை நாட்களில் மட்டும் கேட்கிறதாம். மகள் பொத்தேரியில் கல்லூரி படிக்கிறாள், அம்மாவுக்கு போன் செய்யும்போது, “வணக்கம், என் புகார் என்ன ஆச்சு?” என்று ஆரம்பிக்கிறாளாம்.

இவ்வளவையும் திவ்யாவிடம் சொன்னபோது, “அந்த ரூல் இன்னும் இருக்கா ஆன்ட்டி?” என்று கேட்டாள். இருக்கிறது. ரத்து செய்ய வேண்டுமென்றால் முதலில் யாராவது அதைப் படிக்க வேண்டும்.

இத்துடன் முடிக்கலாமென்று இருந்தபோது அமுதா அழைத்தாள்.

“அக்கா, உங்க பேருக்கு ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒரு லெட்டர். படிக்கட்டுமா?”

படித்தாள். ஓய்வறையை இடைக்கால ஏற்பாடாகப் பயன்படுத்த அனுமதி கோரிய தங்கள் கடிதமும் நினைவூட்டுகளும் கவனமுடன் பரிசீலிக்கப்பட்டன. திறப்பு விழா நடைபெறாத அறையைப் பயன்படுத்த விதிகளில் இடமில்லை. விழா நடைபெறும் வரை காத்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

“எப்ப வந்துச்சு?”

“மத்தியானமே வந்துடுச்சுக்கா. நான் உள்ள இருந்தேன். எழுப்ப வேணாம்னு டேபிள்ல வெச்சிட்டுப் போயிட்டாங்க.”

இத்தனை வருடம் கழித்து வந்த பதில், ரிப்பன் கட்டாத கதவுக்கு வெளியே இன்னும் சற்று நேரம் காத்திருந்திருக்கிறது. அது முறையாகப் பெறப்பட்டது சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல், அமுதா எழுந்து முகம் கழுவி வந்த பிறகு.